குதிரைகள் உள்ள சிறுபண்ணைக்குப் பன்றிகளைக் கொண்டுவருவது எப்படி?

பல ஆண்டுகளாக இரண்டு குதிரைகள் மட்டுமே இருந்துவரும் ஒரு சிறுபண்ணைக்கு இரண்டு பன்றிக்குட்டிகளை வாங்கிவரப் போவதாகவும், பன்றியின் வாடை பட்டாலே குதிரை மிரண்டு ஓடிவிடும் என்று பலர் எச்சரிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் எப்படிப் பழக்குவது, பழகிய பிறகு ஒரே மேய்ச்சல் நிலத்தில் விடலாமா என்பவை உங்கள் கேள்விகள். எச்சரிக்கையில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்கே பொருந்தும். வேலிக்கு இந்தப் பக்கம் குதிரை, அந்தப் பக்கம் பன்றி என்று அமைதியாக வாழவைப்பது பெரும்பாலான பண்ணைகளில் முடியக்கூடியதே. ஒரே நிலத்தில் சேர்த்துவிடுவது வேறு விஷயம். அதற்கு என் விடை ‘வேண்டாம்’ என்பதே. காரணங்களைப் பின்னர் விளக்குகிறேன்.

முதலில் குதிரை எதற்கு அஞ்சுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். குதிரை, பிற விலங்குகளுக்கு இரையாகும் இனத்தைச் சேர்ந்தது. ஓடித் தப்புவதே அதன் முதல் தற்காப்பு, உதைப்பதும் கடிப்பதும் ஓட வழியில்லாதபோதுதான். கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை அளவுக்குச் சுற்றுப்புறம் முழுவதும் அதற்குத் தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள சிறு பகுதிகள் மட்டுமே மறைந்திருக்கும். இப்படிப்பட்ட கண்ணுக்கு, தரையோடு தரையாகப் புதரை அசைத்துக்கொண்டு வருவதும், சட்டென்று நிற்பதும், மறுபடி பாய்வதுமான ஓர் உருவம் பதுங்கி வரும் வேட்டை விலங்கையே காட்டுகிறது. பன்றியின் நடை இயல்பிலேயே அப்படித்தான். அதோடு ஒலியும் சேர்கிறது. தீவன நேரத்தில் பன்றிகள் வீறிடும் ஒலி 100 டெசிபலைத் தாண்டும். மனிதக் காதுக்கு எட்டாத உயர் ஒலிகளையும் கேட்கும் குதிரையின் காதுக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாடையோ பன்றி கண்ணில் படாதபோதும் காற்றில் இருந்துகொண்டே இருக்கும். ஆக, பழக்குவது என்றால் வாடை, ஒலி, உருவம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியாகப் பழக்குவதுதான். மூன்றும் ஒரே நாளில் குதிரையின் தலையில் விழுவதால்தான் பெரும்பாலான விபத்துகள் நேர்கின்றன.

இந்த அச்சம் மாறக்கூடியது என்பதற்கு நல்ல சான்று இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதி. இலையுதிர் காலத்தில் ஓக் மரத்துக் காய்கள் உதிரும்போது அங்கே பன்றிகளைக் காட்டில் மேயவிடும் பழைய உரிமை இன்றும் நடைமுறையில் உள்ளது. பச்சைக் காய்கள் அங்கு திரியும் மட்டக்குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் நஞ்சு. பன்றிகள் அவற்றைத் தின்று குறைத்துவிடுகின்றன. ஆண்டுதோறும் பன்றிகளைக் கண்டு வளரும் குதிரைகளுக்கு அவை பழகிப்போன அண்டைவீட்டார். இதைக் காட்டி, ‘அங்கே ஒன்றாகத்தானே மேய்கின்றன’ என்று சிலர் வாதிடுவதுண்டு. பல ஆயிரம் ஹெக்டேர் பரப்பில், விரும்பிய அளவு விலகிப்போக இடமுள்ள குதிரையையும், நான்கு பக்கமும் வேலியடைத்த சிறு நிலத்தில் நிற்கும் குதிரையையும் ஒப்பிட முடியாது. இடம்தான் இங்கே எல்லாம்.

எனவே பன்றிகள் வருவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது அவற்றின் பட்டி எங்கே அமையும் என்பதாகும். குதிரைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டி, வாயில், லாயத்துக்குச் செல்லும் ஒடுங்கிய வழி ஆகியவற்றின் அருகே அமைக்காதீர்கள். குதிரை கட்டாயமாகக் கடந்தே தீர வேண்டிய இடத்தில் பன்றி இருந்தால், தாகத்துக்கும் பயத்துக்கும் இடையில் அதை நிறுத்திவிடுகிறோம். பெரும்பாலான நாட்கள் காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்பதைக் கவனித்து, பன்றிப் பட்டியிலிருந்து குதிரைகள் நிற்குமிடத்தை நோக்கி வாடை ஓயாமல் வராதபடி இடம் பாருங்கள். பலரும் செய்யும் இன்னொரு ஏற்பாடு, குதிரையின் கண்ணில் படக்கூடாதென்று பட்டியைச் சுற்றித் தகரமோ பலகையோ அடைப்பது. எனக்கு இதில் உடன்பாடில்லை. உறுமலும் சலசலப்பும் கேட்கிறது, ஆனால் உருவம் தெரியவில்லை என்ற நிலைதான் குதிரையை மிக அதிகமாகக் கலங்கடிக்கும். தொலைவிலிருந்தே தெளிவாகப் பார்க்கும்படி திறந்த வெளியில் பட்டி இருப்பதே நல்லது. தொலைவு போதுமானதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேலியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் குதிரைக்கு ஏற்ற வேலி பன்றிக்கு வேலியே அல்ல. பன்றியைத் தடுக்கும் வேலிகளில் சில குதிரைக்கு ஆபத்தானவை. குதிரைக்கு நெஞ்சு உயரத்தில் தெளிவாகத் தெரியும் பட்டையான மின்நாடாவோ மரச்சட்டமோ போதும். பன்றிக்கோ தரையிலிருந்து ஏறத்தாழ 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு மின்கம்பியும், 40 முதல் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இன்னொன்றும் வேண்டும். சிறு குட்டிகளாயின் கீழ்க்கம்பி இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும். முள்கம்பியைக் குதிரை இருக்கும் பக்கத்தில் எந்த நிலையிலும் பயன்படுத்தக் கூடாது. மிரண்டு ஓடும் குதிரை கம்பியைப் பார்ப்பதில்லை; தோலும் தசையும் கிழிந்த பிறகுதான் நிற்கும். ஆடுகளுக்குப் போடும் மின்வலையும் அப்படியே. அதன் கண்ணிகளில் குளம்பு சிக்கினால் வலையையும் கம்பங்களையும் பிடுங்கி இழுத்துக்கொண்டே ஓடும். இரு நிலங்களுக்கும் பொதுவாக ஒற்றை வேலி போடாமல், குதிரைக்கு ஒன்றும் பன்றிக்கு ஒன்றுமாக இரண்டு வேலிகள் அமைத்து, நடுவில் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். மூக்கோடு மூக்கு முட்டாமலிருக்கவும், ஒன்றுக்கு மின்னதிர்ச்சி பட்டுத் துள்ளும்போது மற்றது அதன்மேல் போய் விழாமலிருக்கவும் இந்த இடைவெளி உதவும்.

மின்வேலியைப் பன்றிக்கு முன்கூட்டியே கற்றுக்கொடுத்தாக வேண்டும். பழகாத பன்றியின் மூக்கில் கம்பி பட்டதும் அது பின்வாங்காது. வீறிட்டுக்கொண்டே முன்னோக்கிப் பாயும், கம்பியை அறுத்துக்கொண்டு நேராகக் குதிரைகளின் நடுவே போய் நிற்கும். இரு தரப்புக்கும் இதைவிட மோசமான முதல் அறிமுகம் வேறில்லை. எனவே வலுவான பலகைச் சுவர் உள்ள சிறு கொட்டிலில், சுவருக்குச் சற்று உள்ளே ஒரு மின்கம்பியை ஓடவிட்டுச் சில நாட்கள் வைத்திருங்கள். முன்னே பாய வழியில்லாததால் பின்னால் நகர்ந்தால்தான் வலி நிற்கும் என்பதை ஓரிரு முறை மூக்கு பட்டதிலேயே கற்றுக்கொள்ளும். பன்றி அவ்வளவு கூர்மையான விலங்கு. அந்தக் கூர்மையே பின்னர் உங்களுக்குத் தொல்லையும் தரும். நிலத்தைக் கிளறும்போது மூக்கால் தள்ளிய மண் கீழ்க்கம்பியின்மேல் குவிந்து மின்சாரம் தரையிறங்கிவிடும். வேலி செத்துவிட்டது என்பதை உங்களுக்கு முன்பே அவை கண்டுபிடித்துவிடும். கம்பியோரம் நாள்தோறும் ஒரு முறை நடந்து மண்ணைத் தள்ளிவிடுவதைத் தவிர இதற்கு வேறு வழி இல்லை. இரண்டு குட்டிகளாக வாங்கத் தீர்மானித்தது மிகவும் சரி. ஒற்றைப் பன்றி துணை தேடி வேலிக்கு அடியில் புகுந்து குதிரைகளிடமே போகும்.

இனி அறிமுகம். புதிதாக வந்த பன்றிகளை மூன்று நான்கு வாரங்கள் தனியே வைத்து நோய் அறிகுறி ஏதும் உண்டா என்று பார்ப்பது எப்படியும் நல்ல வழக்கம். அவை உடல்நலத்தோடு இருப்பது உறுதியானபின், மலம் படாத இடத்திலிருந்து அவை படுத்தெழுந்த வைக்கோலில் ஒரு பிடி எடுத்து, குதிரை மேயும் நிலத்தின் ஓர் ஓரத்தில் போடுங்கள். தீவனத் தொட்டிக்கு அருகில் போடாதீர்கள். பசியோடு வரும் குதிரையைப் பயமுறுத்துவது நம் நோக்கமன்று. அப்போது குதிரை செய்வதைத் தள்ளி நின்று பாருங்கள். கழுத்தை உயர்த்தி, செவிகள் இரண்டையும் ஒரே புள்ளியை நோக்கிக் குவித்து, மூக்குத்துளைகளை வட்டமாக விரித்து, தொண்டையிலிருந்து காற்றை ‘ப்ர்ர்’ என்று உரக்க வெளியேற்றும். முன்னங்கால் முழங்கைக்குப் பின்னே தோல் துடிப்பதைக்கூடச் சில குதிரைகளில் காணலாம். பிறகு அரைவட்டமாகச் சுற்றிவரும், ஒரு காலை நீட்டி மற்ற மூன்று கால்களும் ஓடத் தயாராக நின்று மோந்துபார்க்கும், துள்ளி விலகும், மீண்டும் வரும். மேலுதட்டைச் சுருட்டிப் பல் தெரிய நிற்பதையும் காணலாம். வாடையை மூக்கின் அடிப்பகுதியில், மேலண்ணத்துக்கு மேலே உள்ள தனி உறுப்புக்கு அனுப்பிச் சோதிக்கும் செயல் அது, கோபமல்ல. இந்த நாடகம் ஓய்ந்து, வைக்கோலுக்கு அருகிலேயே புல்லைக் கடிக்கத் தொடங்கினால் வாடைப் பாடம் முடிந்தது என்று கொள்ளலாம்.

பன்றிகளைக் கண்ணில் காட்டும் நாளுக்குக் காற்றில்லாத, அமைதியான பகல் பொழுதைத் தேர்ந்தெடுங்கள். பன்றிகள் வயிறு நிறையத் தின்று சோம்பிக் கிடக்கும் நேரமாக அது இருக்கட்டும். குதிரைகள் லாயத்தில் அடைபட்டோ கட்டப்பட்டோ இருக்கவே கூடாது. அவற்றின் நிலத்தில் மிகப் பெரியது எதுவோ அதில், ஓடுவதற்குத் தாராளமான இடத்தோடு இருக்க வேண்டும். ஓட முடிகிற குதிரை சிறிது தூரம் ஓடித் திரும்பிப் பார்க்கும். ஓட முடியாத குதிரை கதவை உடைக்கும், அல்லது கயிற்றைப் பிடித்திருப்பவரின்மேல் ஏறும். நிதானமான குதிரை ஒன்று கூட்டத்தில் இருந்தால் அதுவும் உடன் இருக்கட்டும், ஏனெனில் மற்றவை அதைப் பார்த்தே முடிவெடுக்கும். நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு: உலர்புல்லைப் பன்றிப் பட்டிக்கு வெகு தொலைவில், குதிரைகள் தயக்கமின்றி வந்து தின்னும் இடத்தில் போட்டுவிட்டு, ஒவ்வொரு நாளும் சில அடிகள் மட்டும் பட்டியின் பக்கமாக நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஒரு நாள் தின்ன வரவில்லையென்றால் மறுநாள் முந்தைய இடத்துக்கே திரும்புங்கள். சில குதிரைகளுக்கு மூன்று நான்கு நாட்களில் முடியும், சிலவற்றுக்குப் பல வாரங்கள் ஆகும். கையில் பிடித்து இழுத்துச் சென்று ‘பார், ஒன்றுமில்லை’ என்று காட்டி இந்தக் காலத்தைச் சுருக்க முயல்பவர்கள் பெரும்பாலும் அதை நீட்டிக்கவே செய்கிறார்கள்.

ஒலிக்குப் பழக்குவதற்கு எளிய உபாயம், இரு தரப்புக்கும் ஒரே நேரத்தில் தீவனம் வைப்பது. பன்றிகள் வாளிச் சத்தம் கேட்டு வீறிடும் அதே கணத்தில் குதிரைக்கும் தீவனம் வருமானால், சில நாட்களில் அந்த வீறிடலைத் தன் சாப்பாட்டுக்கான மணியாகவே அது எடுத்துக்கொள்ளும்.

பழகிவிட்டதா என்பதை எப்படி அறிவது? குதிரை ஓடவில்லை என்பது மட்டும் போதாது. ஓடாமல் விறைத்து நிற்பதும் அச்சமே. தலை தாழ்ந்திருக்கிறதா, மென்று தின்கிறதா, பன்றி நகரும்போது ஒரு செவியை மட்டும் திருப்பிவிட்டு மேய்ச்சலைத் தொடர்கிறதா என்று பாருங்கள். ஓய்வில் இருக்கும் வளர்ந்த குதிரையின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும் என்பதால், தாடையெலும்பின் அடியில் விரல் வைத்து எண்ணிப் பார்ப்பதும் பயன் தரும். இவை எல்லாவற்றையும்விட நம்பகமான அடையாளம், குதிரை தரையில் படுத்து உறங்குவதுதான். நின்றுகொண்டே அரைத்தூக்கம் போடக் குதிரைக்கு முடியும். ஆனால் கனவுநிலை உறக்கத்துக்கு அது படுத்தே ஆக வேண்டும், அதற்கு நாளொன்றுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை போதும். பாதுகாப்பாக உணராத இடத்தில் குதிரை படுக்காது. பல நாட்கள் படுக்காத குதிரை, நின்றபடியே கண்ணயர்ந்து முன்னங்கால் மடங்கிச் சரிந்து விழுவதும், முன்கால் மூட்டுகளின் முன்புறத்தில் சிராய்ப்புகளோடு காணப்படுவதும் உண்டு. பன்றிகள் வந்தபின் காலையில் குதிரையின் விலாவிலும் வாலிலும் மண்ணோ வைக்கோலோ ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் எதுவும் ஒட்டவில்லையென்றால், பார்வைக்கு எவ்வளவு அமைதியாக இருந்தாலும், பட்டியை இன்னும் தள்ளி வைக்க வேண்டும்.

இப்போது ஒரே நிலத்தில் சேர்த்துவிடுவது ஏன் வேண்டாம் என்கிறேன் என்பதற்கு வருகிறேன். பயம் தெளிந்த குதிரைக்கு அடுத்து வருவது ஆர்வம் அல்லது எரிச்சல். இரண்டுமே குட்டிகளுக்கு நல்லதல்ல. ஓர் உதையில் பன்றிக்குட்டி செத்துப்போகும். சில குதிரைகள் குட்டியின் முதுகைக் கவ்வித் தூக்கி எறிவதும் உண்டு. மறுபக்கம், குட்டிகள் வளர்ந்து பெரிய பன்றிகளானபின் நிலைமை தலைகீழாகும். படுத்திருக்கும் குதிரையின் வாலையும் கணுக்கால் மயிரையும் மெல்லத் தொடங்கும் பன்றி அத்தோடு நிறுத்தும் என்பதற்கு உறுதி இல்லை. ஆண் பன்றியின் கோரைப்பல் கீழிருந்து மேலாகக் கிழிக்கும். அது குதிரையின் கால்களுக்கும் அடிவயிற்றுக்கும் சரியான உயரம். குட்டி ஈன்ற தாய்ப்பன்றி எதையும் அருகே விடாது. குதிரை குட்டி ஈனும் இடத்துக்கோ பன்றியை அருகே விடவே கூடாது. பன்றி அனைத்தையும் தின்னும் விலங்கு, நஞ்சுக்கொடியின் மணத்துக்கு வந்துவிடும், அங்கே எழுந்து நிற்க முடியாத பச்சைக் குட்டி கிடக்கும். பன்றி கடித்துப் புண்ணானால் காயத்தைவிட ரணஜன்னி (டெட்டனஸ்) பெரிய ஆபத்து. வீட்டு விலங்குகளில் அந்நோய்க்கு மிக எளிதில் இரையாவது குதிரையே. ஆகவே சேர்த்து விட்டாலும் விடாவிட்டாலும் குதிரைகளின் ரணஜன்னித் தடுப்பூசி காலம் தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும்.

தீவனம் இன்னொரு காரணம், என் கருத்தில் இதுவே மிகப் பெரியது. பன்றித் தீவனத்தைக் குதிரை தின்றால் மாவுச்சத்து மிகுதியால் குடல்வலியும் குளம்பு அழற்சியும் வரலாம் என்பது பலருக்குத் தெரியும். அதைவிடக் கொடியது, சில ஆயத்தத் தீவனங்களில் கலந்திருக்கும் மருந்துகள். மொனென்சின், சாலினோமைசின், நராசின் ஆகிய வகை மருந்துகள் கோழி, மாடு, பன்றித் தீவனங்களில் சில நாடுகளில் சேர்க்கப்படுகின்றன. குதிரையின் இதயத் தசையை இவை அழித்துவிடும். மொனென்சின் உடல் எடையில் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் என்ற அளவிலேயே குதிரையைக் கொல்லக்கூடியது. பன்றிகளுக்குத் தரப்படும் லின்கோமைசினும் குதிரைக்கு உயிர்க்கொல்லியான பெருங்குடல் அழற்சியை உண்டாக்கும். வாந்தி எடுக்க முடியாத விலங்கு குதிரை. உள்ளே போனது வெளியே வராது. எனவே மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துவிட்டே வாங்குங்கள். மூட்டைகளைத் தனித்தனி அறைகளில் வையுங்கள். வாளிகளையும் அள்ளும் குவளைகளையும்கூட மாற்றிப் பயன்படுத்தாதீர்கள். எதிர்த்திசையிலும் கவனம் தேவை. குதிரைக்கு வலி குறைய பீனைல்பியூட்டசோன் கலந்து வைத்த வாளியைப் பன்றி நக்கிவிட்டால், அதன் இறைச்சியை உணவுக்குக் கொள்ள முடியாது. குதிரைக்கு வைக்கும் உப்புக்கட்டியைப் பன்றி எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். தண்ணீர் போதாத நேரத்தில் உப்பு மிகுந்தால் பன்றிக்கு மூளை வீங்கி வலிப்பு வரும். தண்ணீர்த் தொட்டியும் தனித்தனியாக இருக்கட்டும். பன்றி இறங்கிக் கலக்கிய நீரைக் குதிரை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும், குடிக்காத குதிரைக்குக் குடல் அடைத்துக்கொள்ளும்.

நோய்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லெப்டோஸ்பைரா கிருமியில் சில வகைகள் பன்றியின் சிறுநீரில் நீண்ட காலம் வெளியேறும். அது கலந்த தேங்குநீரால் குதிரைக்குக் கருச்சிதைவும், பார்வையைப் பறிக்கும் கண் அழற்சியும் வரலாம். பட்டியிலிருந்து வழியும் நீர் குதிரை நிலத்துக்குள் பாயாத சரிவைத் தேர்ந்தெடுப்பது இதற்காகத்தான். மற்றது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அது பரவியுள்ள ஆசியப் பகுதிகளில் பன்றியின் உடலில் வைரஸ் பெருகி, கியூலெக்ஸ் கொசுக்கள் வழியே குதிரைக்கும் மனிதருக்கும் செல்கிறது. கொசுவுக்கு வேலி ஒரு தடையல்ல என்பதால், அத்தகைய பகுதியில் இருப்பவர்கள் பன்றி வாங்குவதற்கு முன் குதிரைக்கான தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும். ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலும் கோமாரியும் குதிரைக்கு வருவதில்லை. ஆயினும் பன்றிகளுக்கு வந்தால் பண்ணையின் போக்குவரத்தே முடக்கப்படும், அப்போது குதிரையையும் வெளியே கொண்டுபோக முடியாமல் போகலாம்.

நிலத்தை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதில் மட்டும் ஓரளவு நன்மை உண்டு. குதிரையின் குடற்புழுக்களில் பெரும்பாலானவை பன்றியின் உடலில் வளர்வதில்லை, பன்றியின் உருண்டைப்புழு குதிரையில் முதிர்வதில்லை. ஆகவே ஒன்றன்பின் ஒன்றாக மேயவிட்டால் புழுச்சுமை குறையும். ஆனால் பன்றி இருந்த நிலத்தை அப்படியே குதிரைக்குத் திறந்துவிடக் கூடாது. குழிகளைச் சமன்படுத்திப் புல் பிடிக்கவிட வேண்டும், இல்லையேல் ஓடும் குதிரையின் கால் தசைநாண் அறுந்துவிடக்கூடும். பன்றிகள் எப்போதோ புதைந்துபோன கம்பித்துண்டு, ஆணி, கண்ணாடி எல்லாவற்றையும் மேலே கொண்டுவந்து போட்டிருக்கும். நடந்து பொறுக்கி எடுத்தபின்தான் குதிரை உள்ளே வர வேண்டும்.

குதிரையின் மேல் ஏறிச் செல்வது எல்லாவற்றுக்கும் கடைசி. மேய்ச்சலில் பன்றியைப் பொருட்படுத்தாத குதிரை, சேணம் பூட்டியபின் அதே பட்டியைக் கடக்க மறுப்பது வழக்கமான நிகழ்வே. முதலில் கையில் நீண்ட கயிற்றோடு, அது நின்று பார்க்க விரும்பும் தொலைவில் நின்று, தலை தாழ்ந்ததும் திரும்பி அழைத்துவாருங்கள். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் அருகே போகலாம். பட்டி இடப்பக்கம் வரும்படி ஒரு தடவையும் வலப்பக்கம் வரும்படி ஒரு தடவையும் நடத்துங்கள், ஏனெனில் ஒரு கண்ணால் பார்த்துத் தெளிந்ததை மறுகண்ணால் பார்க்கும்போது புதிதுபோல் மிரளும் குதிரைகள் பல. அரிதாகச் சில குதிரைகள் இத்தனைக்குப் பிறகும் பழகுவதில்லை: எடை குறையும், சாணம் நீர்த்துப்போகும், வேலியோரமாக ஓயாமல் நடந்து தடம் பதித்துவிடும். இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே நீடித்தால் குதிரையோடு மல்லுக்கட்டாமல், பன்றிகளைப் பண்ணையின் மறு கோடிக்கு மாற்றுங்கள். அதற்கும் இடமில்லையென்றால் பன்றிகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். குட்டிகளை வாங்கும்போதே விற்பவரிடம் இதைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.